30 புள்ளி பெரிய இடைவெளியா? 2017 யூனிவர்சிட்டி சேலஞ்ச் அரையிறுதி

கேள்வி, 17 மே 2025

யூனிவர்சிட்டி சேலஞ்ச் என்ற பிபிசி டிவி வினாடி வினாவின் 2017 அரையிறுதியை இன்னமும் ‘நூலிழையில் முடிந்த போட்டி’ என்கிறார்கள். கேம்பிரிட்ஜ் வுல்ஃப்சன் கல்லூரி 170, கேம்பிரிட்ஜ் எம்மானுவேல் கல்லூரி 140. 30 புள்ளி வித்தியாசம் எப்படி நூலிழை ஆகும்? இரண்டு கேப்டன்களும் பிரபலமானதால் வந்த பேச்சு என்று எனக்குப் படுகிறது. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

17 மே, இரவு

பார்த்தேன், திரும்பவும் போட்டுப் பார்த்தேன். நூலிழையேதான்.

புள்ளிக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். முதலில் பசர் பொத்தானை அழுத்துபவர் பதில் சொல்லும் ஸ்டார்டர் கேள்விக்கு 10 புள்ளி. அதைச் சரியாகச் சொன்ன அணிக்கு மட்டும் மூன்று போனஸ் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 5. ஆக ஒரு ஸ்டார்டரைப் பிடித்தால் 25 வரை கிடைக்கலாம்.

வுல்ஃப்சன் பிடித்த ஸ்டார்டர்களில் ஒரே ஒன்றை எம்மானுவேல் பிடித்திருந்தால் என்ன ஆகும்? அதோடு இரண்டு பக்கமும் ஒரு போனஸ் மட்டும் இடம் மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 170-ல் 15 போனால் 155. 140-ல் 15 சேர்ந்தாலும் 155. சமன். மூன்று போனஸும் மாறினால் 145–165, எம்மானுவேல் இறுதிப் போட்டியில். ஒரே ஒரு பசர், அவ்வளவுதான் இடைவெளி.

கிரிக்கெட்டில் 30 ரன் என்றால் ஒரு பக்கம் எடுத்தது இன்னொரு பக்கத்துக்குப் போகாது. இங்கே ஒருவர் எடுப்பது மற்றவர் கையிலிருந்து. அதனால் வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும்.

18 மே

கேப்டன்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வுல்ஃப்சனுக்கு எரிக் மங்க்மன், கனடாக்காரர், பொருளாதாரம் படித்தவர். எம்மானுவேலுக்கு பாபி சீகல், கணித ஆசிரியர். பெற்றோர் கேரளத்திலிருந்து போனவர்கள். வளர்ந்தது கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம். நம் ஆட்கள் நிறைய வாழும் பகுதி, முருகன் கோயிலும் உண்டு. (சீகல் என்ற பெயரைப் பார்த்துப் பலரும் குழம்புகிறார்கள். ஒரு கடற்பறவையின் கதை அவர் அப்பாவுக்கு அவ்வளவு பிடித்துப்போய் வைத்த பெயர்.)

மங்க்மன் பதில் சொல்லும் விதம் இணையத்தில் பரவியது உண்மை. புருவத்தை நெரித்து, ஒவ்வொரு பதிலையும் முழுக் குரலில் சொல்வார். சிலர் அதைக் கிண்டலாகப் பார்த்தார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மனிதர் தனக்குத் தெரிந்ததை முழு மனதோடு சொல்கிறார், அதில் சிரிக்க என்ன இருக்கிறது? சீகல் நேர் எதிர். பக்கத்தில் இருப்பவர் பதில் சொன்னால் இவர் முகம் மலரும்.

புகழ் இல்லாவிட்டாலும் இந்தப் போட்டி நெருக்கமானதுதான். புகழ் இருந்ததால் நமக்கு நினைவிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

18 மே, மாலை

ஒரு சின்னத் தகவல். எம்மானுவேல் 1584-ல் தொடங்கியது, வுல்ஃப்சன் 1965-ல். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டு எம்மானுவேலில் படித்தவர். அரை நூற்றாண்டு வயதுக் கல்லூரி நாலு நூற்றாண்டுக் கல்லூரியை ஒரு பசர் வித்தியாசத்தில் வென்றது என்றும் இந்த அரையிறுதியைச் சொல்லலாம்.

20 மே

“தெரிந்தவன் ஜெயிக்கிறான், இதில் என்ன பெரிய நுணுக்கம்?” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டார்டர் கேள்வியை எழுதும் விதமே தனி. கடினமான இடத்தில் தொடங்கி, போகப் போக இளகி, கடைசியில் பலருக்கும் தெரிந்த இடத்தில் முடியும். முழுக் கேள்வியும் முடியும் வரை காத்திருந்தால் எதிர் அணி முந்திவிடும். பாதியில் அழுத்தித் தப்பாகச் சொன்னால் 5 புள்ளி போகும், அதற்கு மேல் மீதிக் கேள்வியும் எதிர் அணிக்கு நிதானமாக வாசிக்கப்படும். ஸ்டார்டருக்குக் கூடிப் பேசவும் முடியாது. தனியாக, அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

நம் ஊர் விஷயத்தை வைத்து நானே ஒரு கேள்வி எழுதிப் பார்க்கிறேன்:

“ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்ற கணித மேதை, லண்டன் பட்னியில் உடல்நலமின்றி இருந்தபோது அவரைப் பார்க்க வந்த பேராசிரியர் தன் வாடகை வண்டியின் எண்ணைச் சுவாரசியமற்றது என்றார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்று நோயாளி பதில் சொன்னார். அந்த எண் எது?”

‘ஈரோட்டில் பிறந்து’ என்றதும் கை துடிக்கும். பெரியார் என்று சொல்லத் தோன்றும். சொன்னால் 5 புள்ளி காலி. ‘கும்பகோணம்’ வந்ததும் ராமானுஜன் என்று தெரிந்துவிடும், ஆனால் கேள்வி அவரைக் கேட்கவில்லை. ‘பார்க்க வந்த பேராசிரியர்’ என்னும்போது ஹார்டி என்று அழுத்துபவர்கள் உண்டு, அதுவும் தப்பு. ‘வாடகை வண்டியின் எண்’ என்ற இடத்தில்தான் கேள்வி எங்கே போகிறது என்பது உறுதியாகிறது. அங்கே அழுத்தி 1729 என்று சொல்பவருக்கு 10 புள்ளி. அரை நொடி தாமதித்தால் பக்கத்து மேசையில் விளக்கு எரிந்துவிடும்.

இரண்டு அணியிலும் சேர்த்து எட்டுப் பேருக்கும் ராமானுஜனைத் தெரியும். எட்டுப் பேருக்கும் 1729 தெரியும். ஆனாலும் ஒருவருக்குத்தான் புள்ளி. அரையிறுதி வரை வந்த அணிகளிடம் அறிவில் பெரிய இடைவெளி இருக்காது. கேள்வி எங்கே திரும்பும் என்று மோப்பம் பிடிப்பதும், அதற்கு முன்பே கையை அழுத்தவிடாமல் வைத்திருப்பதும்தான் அங்கே ஆட்டம்.

21 மே

நேற்றைய குறிப்பில் விட்டது ஒன்று. கேள்வி முழுதும் வாசித்து முடிந்த பிறகு தப்பாகச் சொன்னால் 5 புள்ளி குறையாது. அதனால் இறுதிச் சொல் வரும் கணத்தில் எல்லாரும் அடித்துப் பிடித்து அழுத்துவார்கள். அழுத்தியதும் வாய்திறக்கவும் முடியாது. ரோஜர் டில்லிங் என்பவரின் குரல் கல்லூரிப் பெயரையும் ஆளின் பெயரையும் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ‘வுல்ஃப்சன், மங்க்மன்!’ என்று அவர் கூவும் அந்த இடைவெளியில் ஆளின் முகத்தைப் பாருங்கள், பதில் கையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். சில பேர் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே அழுத்திவிட்டு அந்த ஒரு நொடியில் பதிலைத் தேடுவார்கள். துணிச்சலான பழக்கம். வெற்றி பெறும் அணி எல்லாவற்றிலும் அப்படி ஒருவராவது இருப்பார்.

23 மே

நம் ஊர் க்விஸ் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நிகழ்ச்சி முதலில் ஒட்டாது. எனக்கும் அப்படித்தான். 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய ‘க்விஸ் டைம்’ பார்த்து வளர்ந்த தலைமுறை நான். கல்லூரி மாணவர்கள் இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார்களே என்று தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டின் முற்றத்தில் உட்கார்ந்து வாய்பிளந்து பார்த்திருக்கிறோம். பிறகு அவரே யூனிவர்சிட்டி சேலஞ்சின் இந்தியப் பதிப்பையும் நடத்தினார்.

ஆனால் நம் கல்லூரி க்விஸ்கள் வேறு பாதையில் வளர்ந்தன. ஒரு கேள்வி அணி அணியாகப் போகும், ஒரு அணிக்குத் தெரியாவிட்டால் அடுத்த அணிக்கு பவுன்ஸ் ஆகும். யோசிக்க நேரம் உண்டு, நாலு பேர் தலையைச் சேர்த்துக் குசுகுசுக்கலாம். நல்ல கேள்வி என்றால் நேரடியாகத் தெரியாவிட்டாலும் துப்புகளைக் கோத்து விடைக்கு வந்துசேர முடிய வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத சட்டம். அந்த முறையில் 30 புள்ளி என்றால் பெரிய இடைவெளிதான். கேள்வி கேட்டவர் அந்தக் கண்ணோடு பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எது மேல் என்று கேட்டால், விடையைக் கோத்து எடுக்கும் நம் முறைதான் எனக்குப் பிடிக்கும். மாணவர்களுக்கு அதில்தான் யோசிக்கப் பழக்கம் வரும். ஆனால் உட்கார்ந்து பார்க்க, பசருக்கு ஈடு இல்லை.

25 மே

உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றுக்காக ஒரு பள்ளி க்விஸ் நடந்தபோது நான் புள்ளி எழுதுபவனாக உட்கார்ந்திருந்தேன். கல்யாண மண்டபம், நாலு மேசை, மேசைக்கு ஒரு பல்பு. எலெக்ட்ரீஷியன் ஒருவர் மாலை முழுக்க ஒயர் இழுத்துக் கட்டிய பசர். முந்தியவர் பல்பு எரிந்ததும் மற்றவை எரியாமல் பூட்டிக்கொள்ளும் வசதி அதில் இல்லை.

அரையிறுதியில், அநேகமாகக் கடைசிக் கேள்வியில், இரண்டு பல்பும் எரிந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே நேரம். நடத்தியவர் இடப்பக்கம் கைகாட்டினார், அந்தப் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள், ஜெயித்தார்கள். வலப்பக்கம் இருந்த நாலு பேரும் ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். அதில் ஒரு பெண் பதிலைக் கையில் எழுதியே வைத்திருந்தாள். உள்ளங்கையைத் திருப்பி எனக்குக் காட்டினாள். நான் பலகையில் என்ன எழுத முடியும்? நடத்தியவரிடம் போய்ச் சொன்னேன், படப்பிடிப்பு நேரம் முடியப்போகிறது என்றார்.

அன்று மாலையே இறுதிப் போட்டி. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, கைதட்டல், போட்டோ. அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகளுக்கும், முதல் சுற்றிலேயே போனவர்களுக்குக் கொடுத்த அதே பங்கேற்புச் சான்றிதழ். கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் முன்னாடியே கிளம்பிவிட்டதால் அதையும் யாரோ பிறகு வாங்கிப் போனார்கள்.

அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை. இறுதியில் தோற்றவரை ‘ரன்னர் அப்’ என்று ஊர் சொல்லும். அரையிறுதியில் தோற்றவருக்குப் பெயரே இல்லை. 2017-ல் சீகலுக்குப் பெயர் கிடைத்தது, மகிழ்ச்சி. அவருடன் உட்கார்ந்திருந்த மற்ற மூன்று பேரின் பெயரை இங்கே எத்தனை பேரால் சொல்ல முடியும்?

26 மே

“அப்படியானால் அரையிறுதிக்கும் இரண்டாவது வாய்ப்பு தரலாமே” என்கிறார் ஒரு நண்பர். நியாயமான யோசனை. யூனிவர்சிட்டி சேலஞ்சிலேயே வேறு சுற்றுகளில் அது உண்டு. முதல் சுற்றில் 28 அணிகள். தோற்றவர்களில் அதிகப் புள்ளி எடுத்த நான்கு அணிகளுக்கு இன்னொரு போட்டி கிடைக்கும். காலிறுதியில் இரண்டு முறை ஜெயித்தால் உள்ளே, இரண்டு முறை தோற்றால் வெளியே. அரையிறுதிக்கு வந்ததும் ஒரே போட்டி, முடிந்தது.

முதலில் படித்தபோது நானும் ஆமாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் யோசித்தால் இன்னொன்றும் தெரிகிறது. இரண்டாவது வாய்ப்பு உண்டு என்று தெரிந்தால் அணிகள் ஆடும் விதமே மாறும். காலிறுதியில் முதல் போட்டியில் துணிந்து அழுத்துவார்கள், தோற்றாலும் இன்னொன்று இருக்கிறது. அரையிறுதியில் அந்தச் சுதந்திரம் இல்லை. 5 புள்ளி போய்விடுமே என்ற பயத்தையும் எதிராளி முந்திவிடுவானே என்ற பயத்தையும் ஒருசேரச் சுமந்துகொண்டு விரலை வைத்திருக்க வேண்டும். அந்த இறுக்கம்தான் அந்தப் போட்டிக்கு உயிர். அதை எடுத்துவிடக் கூடாது.

நான் கேட்பது வேறு. மூன்றாம் இடத்துக்கு ஒரு போட்டி வையுங்கள். கால்பந்து உலகக் கோப்பையில் வைக்கிறார்கள்.

29 மே

பேச்சு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பக்கம் திரும்பிவிட்டது. ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு கல்லூரிகள் அரையிறுதியில் எப்படி மோத முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிவாரியாக அணி அனுப்பும் உரிமை உண்டு. மற்ற பெரிய பல்கலைக்கழகங்களில் பலவற்றுக்கு மொத்தமாக ஒரே அணி.

இது இன்று வந்த முணுமுணுப்பு அல்ல. 1975-ல் மான்செஸ்டர் அணி இதை எதிர்த்து, கேள்விகளுக்கு மார்க்ஸ், லெனின், ட்ராட்ஸ்கி, சே குவேரா என்று பதில் சொல்லிப் போட்டியையே நிலைகுலைய வைத்தது. பிறகு அதே மான்செஸ்டர் 2006, 2009, 2012, 2013 என நான்கு முறை கோப்பையை எடுத்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரி 2024-ல் ஐந்தாவது முறையாக எடுத்தது. ஒரே அணி அனுப்பியும் சாதித்திருக்கிறார்கள். அதனால் விதி நியாயமாகிவிடாது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு இத்தனை இடம் என்று உச்சவரம்பு வைப்பதே சரி என்பது என் எண்ணம்.

2009 பற்றியும் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு கார்ப்பஸ் கிறிஸ்டி அணி, கெயில் ட்ரிம்பிள் தலைமையில், இறுதியில் மான்செஸ்டரை 275–190 என்று வென்றது. பிறகு அந்த அணியில் ஒருவர் தொடர் முடிவதற்கு முன்பே மாணவராக இருக்கவில்லை என்று தெரிந்து, கோப்பை மான்செஸ்டருக்குப் போனது. ட்ரிம்பிள் அந்தத் தொடரில் ஆடியது போல் ஒருவர் ஆடி நான் பார்த்ததில்லை. கோப்பை பறிபோனாலும் அந்த ஆட்டம் பறிபோகாது.

2 ஜூன்

நேரம் பற்றி யாரும் பேசவில்லையே. காங் மணி அடித்ததும் போட்டி நின்றுவிடும், பாதிக் கேள்வியாக இருந்தாலும் சரி. அதனால் கடைசி மூன்று நிமிடத்தில் ஆட்டம் வேறாகிவிடும். பின்தங்கிய அணிக்குப் போனஸ் ஒரு தடங்கல். 5 புள்ளிக்காக அரை நிமிடம் குசுகுசுத்தால் அடுத்த ஸ்டார்டருக்கு நேரம் இருக்காது. தெரியாவிட்டால் உடனே பாஸ் சொல்லிவிட வேண்டும். முன்னிலையில் இருக்கும் அணிக்கு அவசரமே இல்லை. அதனால்தான் ஜெரமி பாக்ஸ்மன் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று விரட்டிக்கொண்டே இருப்பார். 1994-லிருந்து 2023 வரை அவர்தான் நடத்தினார், இப்போது கொல்கத்தாவில் பிறந்த அமோல் ராஜன்.

30 புள்ளி பின்தங்கி இருக்கும்போது கேப்டன் எந்தப் போனஸை விடுவது, எதற்காகக் காத்திருப்பது என்பது தனிக் கலை. புத்தகம் படித்து வருவதில்லை. பழக்கத்தில் வருவது.

3 ஜூன்

இறுதிப் போட்டி என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: 2017 ஏப்ரல் 10, ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் 190, வுல்ஃப்சன் 140. கோப்பையைக் கொடுத்தவர் ஸ்டீபன் ஹாக்கிங். அரையிறுதியில் மோதிய இரண்டு கேப்டன்களும் நண்பர்களாகி, சேர்ந்து வினாடி வினாப் புத்தகம் எழுதினார்கள், பிபிசியில் சேர்ந்து நிகழ்ச்சியும் செய்தார்கள். கோப்பை வென்ற பேலியல் அணியைவிட இவர்களைத்தான் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது பேலியலுக்குக் கொஞ்சம் அநியாயம்தான். அவர்களும் அபாரமாக ஆடினார்கள்.

2025 இறுதியையும் பார்த்திருப்பீர்கள். கேம்பிரிட்ஜ் க்ரைஸ்ட்ஸ் கல்லூரி 175, வாரிக் 170. ஒரே ஒரு போனஸ் கேள்வி. 2017 அரையிறுதி நெருக்கமில்லை என்பவர்கள்கூட இதை ஒப்புக்கொள்வார்கள்.

7 ஜூன்

“155–155 ஆகியிருந்தால்?” என்று கேள்வி கேட்டவரே மறுபடி கேட்டிருக்கிறார். சமனில் முடிந்தால் ஒரு ஸ்டார்டர் கேட்பார்கள். முதலில் சரியாகச் சொல்லும் அணிக்கு வெற்றி. இரண்டு பக்கமும் தெரியாவிட்டால் அடுத்தது. இதிலும் பாதியில் குறுக்கிட்டுத் தப்பாகச் சொன்னால் 5 புள்ளி குறையும், அதோடு தோல்வி. சாதாரண நேரத்தில் துணிந்து முன்கூட்டி அழுத்துபவர்கள்கூட அந்தக் கேள்வியில் கடைசிச் சொல் வரை காத்திருக்க வாய்ப்பு அதிகம். காத்திருந்து தோற்பதும் உண்டு.

பசர் வாங்குவது பற்றிக் கேட்ட ஆசிரியருக்கு: எத்தனை மேசை என்பதைவிட, முதல் பல்பு எரிந்ததும் மற்றவை பூட்டிக்கொள்கிறதா என்று மட்டும் பாருங்கள். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த ப்ளஸ் டூ மாணவரே செய்து தந்துவிடுவார், விலையும் அதிகமில்லை. எங்கள் பள்ளியில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகளுக்கும் இறுதிக்கு முன்பாக மூன்றாம் இடப் போட்டி வைக்கிறோம். சான்றிதழில் நாலு பேர் பெயரும், அரையிறுதியில் எடுத்த புள்ளியும் போட்டுத் தருகிறோம். கேள்விகள் வேண்டுமானால் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன். ராமானுஜன் கேள்வியை மட்டும் இந்த வருடம் எடுக்காதீர்கள், எங்கள் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள்.